மனநோயும் வேண்டுதலும்: நம்பிக்கையுள்ள குடும்பத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டில் ஒருவருக்கு மனநோய். குலதெய்வத்துக்குக் காசு முடிந்து வைத்தாயிற்று, தர்காவில் ஓதிப் பார்த்தாயிற்று, சபையில் ஜெபத்துக்குப் பெயர் கொடுத்தாயிற்று. இன்னொரு பக்கம் சொந்தக்காரர் ஒருவர் "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்கிறார். எதை முதலில் செய்வது, எதை நிறுத்தவே கூடாது என்று தெரியாமல் நிற்கும் குடும்பத்துக்காக இதை எழுதுகிறேன்.

அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் வழிபாட்டு இடங்களுக்கும் நடுவே இப்படிப்பட்ட குடும்பங்களோடு போய்வருகிறவன் நான். சாமி கும்பிடுவதை விடச் சொல்லி யாரையும் நான் கேட்டதில்லை. குடும்பங்கள் தடுமாறுவது பெரும்பாலும் வரிசையில்தான்: பின்னால் செய்யவேண்டியதை முன்னால் செய்வார்கள், அல்லது ஒன்றைத் தொடங்கியதும் மற்றதை நிறுத்துவார்கள்.

தொடங்கும் முன் வேண்டியவை

ஒரு நோட்டு. அதில் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். "காத்து கருப்பு அடிச்சிடுச்சு" என்று எழுதினால் மருத்துவருக்கும் உதவாது, பூசாரிக்கும் உதவாது. "ஆடிப் பெருக்குக்கு அப்புறம் ராத்திரி 2 மணி நேரம்தான் தூங்குகிறான். தனியாகப் பேசிச் சிரிக்கிறான். சாப்பாட்டில் விஷம் வைத்திருக்கிறார்கள் என்று 4 நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை" என்று எழுதுங்கள். கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். இந்த மூன்று வரி இருந்தால் அதுவே போதும்.

பழைய மருந்துச் சீட்டுகள், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளும் (சர்க்கரை, பிரஷர், வலிப்பு மாத்திரை உட்பட), ஏற்கெனவே கொடுத்த கஷாயமோ லேகியமோ இருந்தால் அதுவும்.

பொறுப்பெடுக்க ஒரே ஒரு ஆள். அம்மா ஒன்று சொல்லி, மாமா ஒன்று சொல்லி, அண்ணன் வெளியூரிலிருந்து போனில் இன்னொன்று சொன்னால் நோயாளி யாரையும் நம்பமாட்டார்.

1. முதலில் உயிருக்கு ஆபத்து இருக்கிறதா என்று பாருங்கள்

கீழே சொல்பவற்றில் ஒன்று இருந்தாலும் வேண்டுதல், பரிகாரம், நல்ல நாள் எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு அன்றே மருத்துவமனை. 108-ஐ அழைக்கலாம்.

சாவைப் பற்றிப் பேசுகிறார், அல்லது சாகச் சொல்லி ஒரு குரல் கட்டளையிடுவதாகச் சொல்கிறார். சாப்பாடு, தண்ணீர் இரண்டையும் ஒதுக்கிவிட்டார். காய்ச்சலோடு பிதற்றுகிறார். வலிப்பு வந்தது. தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தி இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, இல்லாததைப் பார்த்துப் பேசுகிறார். பிரசவமாகிச் சில நாள், சில வாரங்களுக்குள் ஒரு பெண் தூக்கமில்லாமல், குழந்தையைப் பற்றி விபரீதமாகப் பேசுகிறார்.

கடைசியாகச் சொன்னதில்தான் நம் ஊரில் அதிகம் கோட்டைவிடுகிறார்கள். பச்சை உடம்புக்காரி, தீட்டு நேரம், எதுவோ பிடித்துவிட்டது என்று கோடாங்கியைத் தேடுவார்கள். பிரசவத்துக்குப் பின் வரும் இந்த நிலை மணிக்கணக்கில் முற்றக்கூடியது. தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து. சிகிச்சை கொடுத்தால் நன்றாகக் குணமாகக்கூடியதும்கூட.

சாவு எண்ணம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நேராகக் கேட்பதுதான் வழி. "செத்துப்போயிடலாம்னு தோணுதாப்பா?" என்று கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடுமோ என்று பயப்படுகிறார்கள். அப்படி வராது. கேட்டதும் பலர் அழுதுவிட்டு, அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்வார்கள்.

'ஆம்' என்றால் அவரைத் தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்து, எலி மருந்து, மிச்சமிருக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் வீட்டைவிட்டே வெளியேற்றுங்கள். இந்த எண்ணம் அலையாக எழுந்து அடங்கும் தன்மையுள்ளது. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாவிட்டால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள். இந்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டில் 104, இலங்கையில் 1926: இந்த எண்களில் தமிழில் பேசலாம்.

2. அருள் வந்ததா, நோயா என்று பிரித்துப் பாருங்கள்

கொடை அன்று உடுக்கை அடித்ததும் சாமி வந்து, குறி சொல்லி, திருநீறு பூசியதும் மலையேறி, மறுநாள் வயலுக்குப் போகிறவர் நோயாளி இல்லை. சபையில் அந்நிய பாஷையில் ஜெபித்துவிட்டு வீட்டுக்கு வந்து சமைப்பவரும் இல்லை. அதற்கு ஒரு இடம், ஒரு நேரம், ஒரு முடிவு இருக்கிறது. ஊரும் அதைப் புரிந்துகொள்கிறது.

இடம் பொருள் பாராமல், நாள்கணக்கில், தூக்கமும் வேலையும் குளியலும் கெட்டுப்போகும் அளவுக்கு, அவருக்கே வேதனையாக இருந்தால் அது மருத்துவர் பார்க்கவேண்டியது. சந்தேகமாக இருந்தால் ஊரில் அனுபவமுள்ள சாமியாடியையே கேளுங்கள். "இது சாமி இல்லை, ஆளை டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று அவர்களே சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

3. மருத்துவரைப் பார்த்த பிறகே வேண்டுதலுக்கு நாள் குறியுங்கள்

பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் ஒரு மண்டலம், 48 நாள். சரியாகவில்லை என்றால் அடுத்த கோயிலில் இன்னொரு மண்டலம். இப்படியே ஒரு வருடம் ஓடிவிடும். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) போன்ற நோயில் சிகிச்சையில்லாமல் கழியும் காலம் நீள நீள, குணமாவது கடினமாகிக்கொண்டே போகும். 48 நாள் பூசைக்கு மருத்துவம் தடையில்லை. ஆனால் போன அந்த மாதங்கள் திரும்பி வரா.

மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, மருந்து இலவசம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் தாலுகா மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட கிழமைகளில் வருவார்கள். எந்தக் கிழமை என்று முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மருத்துவரிடம் கோயில் சமாசாரத்தை மறைக்காதீர்கள். திட்டுவார் என்று பயந்து மறைப்பவர்கள்தான் அதிகம். இப்படிச் சொல்லுங்கள்: "ஐயா, நாங்க குணசீலம் கோயில்ல 48 நாள் தங்கலாம்னு இருக்கோம். மாத்திரையும் சாப்பிடுவான். விரதம் இருக்கலாமா? ஆத்துல குளிக்கலாமா? எத்தனை நாளைக்கு மருந்து தருவீங்க?" இந்த மூன்று கேள்விக்கும் பதில் வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

4. விரதத்தை மருந்துக்கு ஏற்றபடி மாற்றியமையுங்கள்

உப்பில்லாச் சாப்பாடு சாப்பிடுவதாக வேண்டிக்கொள்வது நம் ஊரில் சாதாரணம். மனநிலை ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்தும் லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர் அதைச் செய்யவே கூடாது. உடம்பில் உப்போ தண்ணீரோ குறைந்தால் லித்தியம் வெளியேறாமல் இரத்தத்தில் ஏறி நஞ்சாகும். கை உதறல், வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம் தெரிந்தால் உடனே மருத்துவமனை. தண்ணீர்கூடக் குடிக்காத உபவாசத்திலும் ரமலான் நோன்பிலும் இதே ஆபத்து உண்டு. நோயாளி நோன்பைத் தள்ளிவைக்கக் குர்ஆனே (2:185) இடம் தருகிறது.

முழு இரவு ஜெபம், சிவராத்திரிக் கண்விழிப்பு, சந்தனக்கூடு இரவு: இருதுருவ மனநோய் (பைபோலார்) உள்ளவருக்குத் தூக்கம் கெடுவதே நோயைக் கிளப்பிவிடும். ஒரே இரவு போதும். குடும்பம் போகலாம், அவர் வீட்டில் தூங்கட்டும்.

வலிப்பு உள்ளவரை ஆற்றிலோ கடலிலோ தனியாக இறக்காதீர்கள். கரையில் உட்காரவைத்துக் குடத்தில் மொண்டு ஊற்றினாலும் அது தீர்த்தமாடியதுதான். தூக்கம் வரவைக்கும் மாத்திரை சாப்பிடுபவர் பூக்குழி இறங்க வேண்டாம்.

வேண்டுதலை விடமுடியாது என்றால் அம்மாவோ தம்பியோ அவருக்காக ஏற்றுச் செய்யலாம். பெற்ற பிள்ளைக்காகத் தாய் விரதம் இருப்பதும் மொட்டை போடுவதும் நம்மிடம் காலங்காலமாக உள்ளதுதான்.

இன்னொன்று. மாத்திரையைப் பொடித்துப் பிரசாதத்திலோ தீர்த்தத்திலோ கலந்து கொடுக்காதீர்கள். என்றாவது ஒருநாள் வாயில் கசப்புத் தட்டும். "எனக்கு விஷம் வைக்கிறாங்க" என்று ஏற்கெனவே பயப்படுபவருக்கு அது உறுதியாகிவிடும். அதற்கப்புறம் மாத்திரையும் போச்சு, சாமி மேலிருந்த நம்பிக்கையும் போச்சு. விழுங்க மறுத்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நாக்கில் கரையும் மாத்திரை, மாதம் ஒருமுறை போடும் ஊசி எல்லாம் இருக்கின்றன.

5. பூசாரி, ஃபாதர், பாஸ்டர், ஹஜ்ரத்: தனியாகப் போய் முதலில் பேசுங்கள்

முழு வழிகாட்டியிலும் நான் அதிகம் நம்புவது இந்தப் படியைத்தான். மருத்துவர் மாதத்துக்கு ஒருமுறை சொல்வதைவிட, திருநீறு கொடுக்கும் கை சொல்லும் ஒரு வார்த்தை நோயாளியிடம் எடுபடும்.

நோயாளியைக் கூட்டிக்கொண்டு போகும் முன், ஒருநாள் நீங்கள் மட்டும் போங்கள். வழக்கமான காணிக்கையோடு, மரியாதையோடு. வாதம் செய்யாதீர்கள். அவர் வழியில் அவர் பார்க்கட்டும். நீங்கள் கேட்கவேண்டியது மூன்றுதான்: மாத்திரையை நிறுத்தச் சொல்லக் கூடாது. அடி, சங்கிலி, மிளகாய்ப் புகை எதுவும் கூடாது. சாவைப் பற்றிப் பேசினால் உடனே உங்களுக்குச் சொல்லவேண்டும்.

பிறகு இன்னும் ஒரு உதவி கேளுங்கள். நோயாளி முன்னால் அவர் தம் வாயால், "மாத்திரையைச் சாப்பிடு" என்று சொல்லவேண்டும். ஓர் ஐயனார் கோயில் பூசாரி, மூன்று மாதமாக மாத்திரையைத் துப்பிக்கொண்டிருந்த பையனின் உள்ளங்கையை விரித்து, மாத்திரை அட்டையை அதில் வைத்து, மேலே திருநீற்றைப் போட்டு மூடினார். "காலையில இது, ராத்திரி அது. ரெண்டும் நான் குடுத்ததுன்னு வெச்சுக்கடா தம்பி." அன்று இரவிலிருந்து அவன் சாப்பிட்டான்.

மற்ற மதத்திலும் இதற்கு வலுவான பிடிமானம் இருக்கிறது. மருந்தை இறக்காமல் இறைவன் எந்த நோயையும் இறக்கவில்லை என்ற நபிமொழி புகாரி என்னும் நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. ஹஜ்ரத் அதைச் சொன்னாலே போதும். ஏர்வாடி தர்காவில் மனநல மருத்துவர்கள் அங்கேயே வந்து பார்க்கும் 'தவா-துவா' (மருந்தும் பிரார்த்தனையும்) திட்டம் நடக்கிறது. குஜராத்தில் மீரா தாத்தார் தர்காவில் முன்பே தொடங்கிய முறை அது. தர்காவைக் கவனித்துக்கொள்ளும் முஜாவர்களே நோயாளியை மருத்துவரிடம் அனுப்புகிறார்கள்.

"மாத்திரையை விட்டால்தான் பலிக்கும்", "விசுவாசம் குறைந்ததால்தான் மருந்து தேடுகிறீர்கள்" என்று ஒருவர் சொன்னால், கும்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். அதே சாமிக்கு வேறு பூசாரி உண்டு, அதே கர்த்தருக்கு வேறு சபை உண்டு.

செய்வினை யார் வைத்தது என்று பெயர் கேட்காதீர்கள். குறியில் சித்தி பெயரோ பக்கத்து வீட்டுக்காரர் பெயரோ வந்துவிட்டால், சந்தேக நோய் உள்ளவர் அதைப் பிடித்துக்கொள்வார். அதிலிருந்து அடிதடியும் கொலையும் வரை போயிருக்கிறது.

6. தங்கவைப்பதாக இருந்தால் இடத்தை நன்றாகப் பாருங்கள்

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் கருகி இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 95-ஆம் பிரிவில், எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்திருக்கிறது. ஆகவே முதல் கேள்வி, "இங்கே யாரையாவது கட்டிவைத்திருக்கிறீர்களா?" பதிலை மட்டும் நம்பாமல் பின்பக்கம் வரை நடந்து பாருங்கள்.

அடுத்து, மனநலக் காப்பகமாக உரிமம் இருக்கிறதா, மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார், மாத்திரையை யார் எடுத்துக் கொடுக்கிறார். குணசீலம் பிரசன்ன வேங்கடாசலபதி கோயிலில் உரிமம் பெற்ற மறுவாழ்வு மையமே இருக்கிறது. பூசையில் தீர்த்தம் தெளிப்பதும் நடக்கிறது, மருத்துவமும் நடக்கிறது.

தங்குவதால் பயன் இல்லை என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கிய 31 பேரைப் பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் தேசிய மனநல நிறுவன ஆய்வாளர்கள் கவனித்து, 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். மருந்தில்லாமலே நோய்க்குறிகள் ஏறக்குறைய 20% குறைந்திருந்தன. அடியில்லை, கட்டில்லை, கூடவே உறவினர், அன்றாடம் சிறு சிறு வேலை. அந்தச் சூழல்தான் உதவியது என்றார்கள். நீங்கள் தேடவேண்டியதும் அப்படிப்பட்ட இடத்தைத்தான். மீதி 80-க்கு மருந்து வேண்டும்.

கூட ஒரு ஆள் கட்டாயம் தங்குங்கள். விட்டுவிட்டு வராதீர்கள்.

7. மருந்து தொடங்கிய முதல் வாரமும் மூன்றாவது மாதமும்

முதல் வாரத்தில் பயமுறுத்தும் ஒன்று நடக்கலாம். சில மாத்திரை, ஊசிகளால் திடீரென்று கழுத்து ஒருபக்கம் திருகிக்கொள்ளும், கண் மேலே செருகும், நாக்கு தடிக்கும். பார்த்தால் பேய் பிடித்தது போலவே இருக்கும். "மருந்து கொடுத்ததும் அது கோபப்பட்டுவிட்டது" என்று வேப்பிலை தேடி ஓடுவார்கள். அது மருந்தின் பக்கவிளைவு. மருத்துவமனையில் ஒரு மாற்று ஊசி போட்டால் கொஞ்ச நேரத்தில் கழுத்து நேராகிவிடும். அப்புறம் மருத்துவர் மருந்தளவை மாற்றுவார்.

மனச்சோர்வு மாத்திரைகள் வேலைசெய்ய 2 முதல் 4 வாரம் ஆகும். அதற்கு முன் குமட்டலும் படபடப்பும் வரலாம். "ஒரு வாரம் சாப்பிட்டான், கேட்கலை" என்று நிறுத்திவிடாதீர்கள்.

மூன்றாவது மாதம்தான் பெரிய கண்டம். ஆள் தெளிந்திருப்பார். நேர்த்திக்கடனும் முடிந்திருக்கும். "சாமி காப்பாத்திடுச்சு, இனி மாத்திரை எதுக்கு?" என்று வீடே சொல்லும். நிறுத்துவார்கள். அடுத்த நாள் ஒன்றும் ஆகாது, அடுத்த வாரமும் ஒன்றும் ஆகாது. நோய் திரும்ப வாரங்களோ மாதங்களோ ஆகும். அந்த இடைவெளியால்தான் நிறுத்தியதையும் திரும்பியதையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. திரும்பி வந்ததும் "தெய்வக் குற்றம்" என்று இன்னொரு பரிகாரம் தொடங்கும்.

இதற்கு நான் சொல்லும் வழி: நேர்த்திக்கடனைச் செலுத்தும் நாளிலேயே அடுத்த மருத்துவமனைத் தேதியை நோட்டில் குறித்துவிடுங்கள். மனச்சிதைவு முதல்முறை வந்தவருக்குக்கூட, தெளிந்த பின் பெரும்பாலும் ஓராண்டுக்குக் குறையாமல் மருந்து தேவைப்படும். குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் சொல்லி, படிப்படியாக.

8. சாக நினைப்பவரிடம் பாவத்தைப் பற்றிப் பேசாதீர்கள்

"தற்கொலை மகாபாவம், நரகம்தான் கிடைக்கும்" என்று சொன்னால் பயந்து விட்டுவிடுவார் என்பது பெரியவர்களின் எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் கடும் மனச்சோர்வில் இருப்பவருக்கு, தான் மன்னிக்கவே முடியாத பாவி என்ற நினைப்பே நோயின் குறி. கடவுள் கைவிட்டுவிட்டார் என்று அவர் ஏற்கெனவே நம்புகிறார். நீங்கள் அதற்குச் சாட்சி சொன்னதுபோல் ஆகிவிடும். அப்புறம் அவர் வாயைத் திறக்கமாட்டார்.

"உனக்கு என்ன குறை? சாமி எல்லாம் கொடுத்திருக்கே" என்பதும் வேண்டாம். முதலில் கேளுங்கள், குறுக்கிடாமல். "இவ்வளவு நாள் தனியாத் தாங்கியிருக்கியே" என்று சொல்லலாம். ஜெபிக்கவா, துஆ செய்யவா என்று அவரிடமே கேட்டு, சம்மதித்தால் அவரோடு உட்கார்ந்து செய்யுங்கள். மறுநாள் எந்த மருத்துவரிடம், யாரோடு, எத்தனை மணிக்கு என்று முடிவுசெய்துவிட்டு எழுந்திருங்கள்.

பாவசங்கீர்த்தனத்திலோ தனிஜெபத்திலோ ஒருவர் இதைச் சொல்லக் கேட்ட குருவானவரோ சபை ஊழியரோ, அவரிடமே "வீட்டில் யாரிடம் சேர்ந்து சொல்லலாம்?" என்று கேட்கவேண்டும். தனியாக வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

முயற்சி செய்து பிழைத்தவரைப் போலீசுக்குப் பயந்து வீட்டிலேயே வைத்துப் பார்க்காதீர்கள். மருத்துவமனையிலிருந்து காவல்நிலையத்துக்குத் தகவல் போவது ஒரு நடைமுறை. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, அவரைக் கடும் மனநெருக்கடியில் இருந்தவராகவே கருதவேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவே இல்லை.

9. தற்கொலையால் இழப்பு நேர்ந்துவிட்ட வீட்டில்

முதல் சிக்கல் அடக்கம். கத்தோலிக்கத் திருச்சபையின் 1917-ஆம் ஆண்டுச் சட்டம் தற்கொலை செய்தவருக்கு அடக்கச் சடங்கை மறுத்தது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த விலக்கு இல்லை. கடுமையான மனநோய் பொறுப்பைக் குறைக்கும், அவர்களின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கக் கூடாது என்று திருச்சபையின் மறைக்கல்வி (2282, 2283) சொல்கிறது. பழைய நினைப்பில் யாராவது தடுத்தால் பங்குத்தந்தையிடம் நேராகப் பேசுங்கள். இஸ்லாத்தில் இவர்களுக்கும் ஜனாஸா (இறுதித்) தொழுகை உண்டு என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் நிலை. இந்துக்களில், அகால மரணம் என்று சொல்லி அக்கம்பக்கம் ஒதுங்கும்போது வீட்டார் இன்னும் உடைந்துபோகிறார்கள். காரியம் செய்துவைக்கும் ஐயரையோ பண்டாரத்தையோ முன்பே பார்த்து, வீட்டார் காதுபட ஆவி, சாபம் என்று பேசவேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

"ஏன் கவனிக்காம விட்டீங்க?" என்று எந்தத் தாயிடமும் கேட்காதீர்கள். "அவன் விதி அவ்வளவுதான்" என்பதும் வேண்டாம். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். "குமாருக்கு உங்க கை மீன்குழம்பு எவ்வளவு பிடிக்கும்" என்பது போல ஏதாவது. பெயரைச் சொல்லவே ஊர் தயங்கும்போது, அதைக் கேட்பதே அவர்களுக்கு ஆறுதலாக இருக்கிறது.

பதினாறாம் நாள், நாற்பதாம் நாள் முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். உங்கள் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. இப்படி ஒருவரை இழந்த வீட்டில் மற்றவர்களுக்கும் தற்கொலை எண்ணம் வரும் வாய்ப்பு மற்ற வீடுகளைவிட அதிகம். வாரம் ஒருமுறை போங்கள். கடைசியாகப் பார்த்தவர், கடைசியாகச் சண்டை போட்டவர், இவர்களைத் தனியாக உட்காரவைத்து முதல் படியில் சொன்ன அதே கேள்வியைக் கேளுங்கள். முதல் பிறந்தநாள், முதல் திதி அல்லது நினைவுத் திருப்பலி எப்போது வருகிறது என்று இப்போதே குறித்துவைத்து, அன்று காலையிலேயே அந்த வீட்டில் இருங்கள்.